மறு: மேற்சுற்றில் திணறும் வண்டிக்கு ஒரு சொல்

அன்பின் குழும நண்பர்களுக்கு,

முழுதாக முறுக்கும்போது எஞ்சின் சுற்று ஏற மறுத்து வண்டி தளரும் குறைக்குத் தமிழில் ஒரு கலைச்சொல் கேட்டிருந்தேன். கோயம்புத்தூர் அண்ணா தந்த 'உயர்வேகத் திறனிழப்பு', சென்னை அக்கா தந்த 'எரிபொருள் பட்டினி' இரண்டையும் திங்கட்கிழமை திருகோணமலையில் என் வகுப்பில் பலகையில் எழுதினேன். மோட்டார் சைக்கிள் திருத்தும் வேலை பழக வரும் பிள்ளைகள், பதினெட்டு இருபது வயது. கிண்ணியாவில் இருந்தும் மூதூரில் இருந்தும் வருகிறார்கள், இரண்டு பேர் கந்தளாய். முதற்சொல்லைப் பார்த்துவிட்டு ஒருவன் கேட்டான்: "சேர், திறன் காணாதது ஓட்டுறவருக்கா, வண்டிக்கா?"

அவன் கேட்டதில் பிழையே இல்லை. வாற்றில் (வாட்) அளப்பதை நீங்கள் 'திறன்' என்கிறீர்கள், இலங்கைப் பாடநூல் 'வலு' என்கிறது. அங்கே குதிரைத்திறன், இங்கே பரிவலு. எங்கள் பிள்ளைக்குத் திறன் என்றால் ஆளின் கெட்டித்தனம். அதையே வினைத்திறன் என்று எழுதினால், போட்டதில் எவ்வளவு பயனாகத் திரும்பி வருகிறது என்ற கணக்கு. நீங்கள் ஆற்றல் என்பதை நாங்கள் சக்தி என்று படித்தோம். இவற்றை ஒன்றாக்கும் வேலை இந்த இழைக்குள் முடியாது. ஆனால் திறனும் வலுவும் உள்ளே வராத ஒரு சொல்லை எடுத்தால் பாக்குநீரிணையின் இரு கரையிலும் அது ஓடும்.

'உயர்வேகம்' என்பதும் இடறுகிறது. வண்டி வேகமா, எஞ்சின் வேகமா? முதலாம் கியரில் முப்பதில் போகும்போதே எஞ்சினை உச்சம் வரை சுற்ற வைக்கலாம். அங்கேயும் இந்தக் குறை தலைகாட்டும். ஆகவே வேகத்தை விட்டு 'சுற்று' என்பதைப் பிடிப்பது நல்லது.

என் வண்டியையே எடுத்துக்காட்டாக வைக்கிறேன். 1990களில் வந்த 125 சி.சி. யப்பான் வண்டி. நான்கடிப்பு, ஒரு சிலிண்டர், பொயின்ற் (பிளக்கில் பொறி வர மின்சாரத்தைச் சேர்த்து விலக்கும் முனைகள்) வைத்தது. உப்புவெளியில் இருந்து நிலாவெளிப் பக்கம் முழுதாகத் திருகி ஓடினால் ஒரு நிமிடம் போல நன்றாக இழுக்கும். சாம்பல்தீவு தாண்டும்போது சத்தம் மாறும். பின்னால் யாரோ பிடித்து இழுப்பது போல வண்டி தளரும். கையைக் குறைத்து நாற்பதில் உருட்டினால் உயிர் வரும். மறுபடி முறுக்கினால் மறுபடி அதே கதை.

காட்டிய இடத்தில் பிளக் மாற்றினார்கள், கொயில் மாற்றினார்கள், கடைசியில் பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரையே மாற்றச் சொன்னார்கள். போன காசு போகட்டும். நாங்கள் இரண்டு தரப்பும் ஒரே விடயத்தைத்தான் பேசினோமா என்பதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. நான் 'இழுவை இல்லை' என்றேன். அவர்கள் விளங்கிக்கொண்டது 'நெருப்புக் காணாது', அதாவது பிளக்கில் பொறி போதாது. இரண்டுக்கும் நடுவே ஒரு சொல் இருந்திருக்க வேண்டும். அந்தச் சொல்லைத்தான் தேடுகிறேன்.

ஒரு பின்னேரம் வண்டி தளர்ந்த இடத்திலேயே நிறுத்தி, பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடியின் அடிப்பக்கத்தில் குண்டூசித் தலையளவு துளை ஒன்று உண்டு. உப்பும் துருவும் ஏறி அது அடைபட்டுக் கிடந்தது. பெற்றோல் கீழே இறங்க, மேலே அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். வராவிட்டால் தாங்கிக்குள் அமுக்கம் குறையும், பெற்றோல் இறங்க மறுக்கும். மெல்லிய கம்பியால் துளையை எடுத்துவிட்டேன். முக்கால்வாசிக் குறை தீர்ந்தது.

மிச்சம் காலுக்குக் காரணம், தாங்கிக்கு அடியில் பெற்றோலைத் திறந்து மூடும் பைப்பின் உள்ளே இருக்கும் சல்லடை. அது முழுக்கச் செந்துரு. 2022இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்த நாட்களில் என் தாங்கி ஒருபோதும் நிறைந்ததில்லை. வெறுமையாக நின்ற மேற்பாதியைக் கடற்காற்றின் ஈரம் தின்றிருக்கிறது. பெற்றோலுக்குள் மூழ்கிக் கிடந்த கீழ்ப்பாதி அவ்வளவு கெடவில்லை. கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தால் கோடு கிழித்தது போலத் தெரியும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 80 கி.மீ. வேகத்தில் லீற்றருக்கு 25 கி.மீ. ஓடும் வண்டி மணிக்கு 3.2 லீற்றர் குடிக்கிறது. நிமிடத்துக்கு 53 மில்லிலீற்றர். சந்தியில் நின்று உறுமும் வண்டிக்கு இதில் சின்னப் பங்குதான் தேவை. ஆகவே பாதி அடைபட்ட சல்லடை ஊருக்குள் ஓடும்போது தன்னைக் காட்டாது. நெடுவீதியில் முதலில் காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்தில் நிற்கும் பெற்றோலைக் குடித்து ஓடும். அது தேத்தண்ணிக் கோப்பையில் பாதி கூட வராது. முடிந்ததும் திணறும். கையைக் குறைத்தால் கிண்ணம் திரும்ப நிறையும். நல்ல சில கணம் ஓடிவிட்டுப் பிறகு தளர்ந்தால், குற்றவாளியைக் கிண்ணத்துக்கு மேலே தேடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இதனால்தான். மூடி, சல்லடை, ரியூப், கிண்ணத்துக்குள் பெற்றோலை விடும் மிதவை ஊசி.

முறுக்கிய உடனே, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே சுற்றில் நின்றுவிட்டால் அது வேறு வழக்கு. காபரேற்றரில் பெற்றோல் வரும் துளையான பெரிய ஜெட் அடைபட்டிருக்கலாம். உள்ளே போகும் காற்றைக் குறைக்கும் சோக்கைக் கொஞ்சம் இழுத்ததும் தெம்பு வந்தால் பெற்றோல் காணாது என்று அர்த்தம். இன்னும் மோசமானால் காற்றுக் காணாது. கச்சான் காற்றுக் காலத்துப் புழுதி எயார் பில்டரை அடைத்திருக்கும், பிளக் கரிபிடித்து வரும். பொயின்றின் வில் தளர்ந்தாலும் இதே குணம்தான். நிமிடத்துக்கு 8000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 7.5 மில்லிசெக்கன். அதற்குள் பொயின்ற் விலகித் திரும்பச் சேர வேண்டும், கொயில் நிறைய வேண்டும். 3000 சுற்றில் 20 மில்லிசெக்கன் இருந்தது. தளர்ந்த வில்லுக்கும் அது போதும். சிலிண்டருக்குள் காற்றை விட்டுப் புகையை வெளியே விடும் வால்வின் வில்லுக்கும் இதே கதி: சுற்று ஏற ஏற வால்வு மூடுவதற்குப் பிந்திவிடும். இதை 'வால்வு மிதப்பு' என்று எழுதுகிறார்கள். வால்வு எதன் மேல் மிதக்கிறது? பக்கத்திலேயே உண்மையாகவே மிதக்கும் மிதவை ஒன்று காபரேற்றரில் இருக்கிறது. 'வால்வுப் பிந்தல்' என்றால் பிள்ளைக்கு விளங்கும். 'வால்வு பிந்துது' என்று வாயாலும் சொல்லலாம்.

இப்போது அக்காவின் 'பட்டினி'. சொல் அழகாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டினி என்றால் அடுப்பே எரியவில்லை என்று பொருள். இந்த வண்டியின் தாங்கி நிறையப் பெற்றோல். பந்தியில் இலை போட்டாயிற்று, குசினியில் சோறும் இருக்கிறது, பரிமாறுபவர் கை மெதுவாக இருக்கிறது. இதைப் பட்டினி என்பீர்களா? 'பற்றாக்குறை' என்று யாழ்ப்பாணத்து ஐயா எழுதியதும் இங்கே ஒட்டாது. எரிபொருள் பற்றாக்குறை என்றதும் எங்களுக்கு 2022இன் வரிசைதான் கண்ணில் வரும்.

கந்தளாய்ப் பிள்ளைதான் வழி காட்டினான். குளத்தில் தண்ணீர் நிற்கும், வாய்க்காலில் புல் மண்டிக் கிடக்கும், வயலுக்குத் 'தண்ணி வரத்துக் காணாது' என்பார்கள். சேர், இதுவும் அதுதானே என்றான். வரத்து! குளத்துக்கும் சந்தைக்கும் சொல்லும் சொல். இருப்பு வேறு, வரத்து வேறு என்ற பிரிவு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே இந்தக் காரணத்துக்கு 'எரிபொருள் வரத்துக் குறைவு' என்று வைப்போம்.

ஓட்டுபவர் உணரும் குறைக்கு என் பரிந்துரை 'மேற்சுற்றுத் திணறல்'. ஒரு கலைச்சொல்லை நான் சோதிக்கும் முறை இதுதான்: வாசலில் வண்டியை நிறுத்துபவர் அதை ஒரு வசனமாக உடைத்துச் சொல்ல முடிய வேண்டும். 'வண்டி மேற்சுற்றில திணறுது.' சொல்ல முடிகிறது. 'உயர்வேகத் திறனிழப்பு அடைகிறது' என்று ஒருவரும் கராஜில் சொல்லப் போவதில்லை. கருத்துச் சொல்லுங்கள்.

திருகோணமலையிலிருந்து

*

திருகோணமலைத் தம்பிக்கு,

திறனை விட்டுக்கொடுக்கிறேன். வலு, திறன் சிக்கல் இவ்வளவு ஆழமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 'வரத்து' மிக நன்று. எங்கள் பக்கம் அணையில் தண்ணீர் இருந்தும் கடைமடைக்கு வரவில்லை என்பார்கள், அதே பேச்சு. 'வால்வுப் பிந்தல்' கேட்டவுடன் பிடித்தது.

'மேற்சுற்று' பற்றி மட்டும் ஒரு தயக்கம். கோயம்புத்தூரில் பாதித் தெருக்களில் பம்பு மோட்டார் காயில் சுற்றுகிறார்கள். மேற்சுற்று என்றால் கம்பியின் மேல் அடுக்குச் சுற்று என்றுதான் இங்கே எடுத்துக்கொள்வார்கள். பட்டறைக்கு வருகிறவர்கள் 'ரேஸ் ஏறல' (எஞ்சின் சுற்று ஏறவில்லை) என்கிறார்கள், அதற்குள் ஒரு நல்ல தமிழ்ச் சொல் ஒளிந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன், அகப்படவில்லை. இன்னொன்று: கிளட்ச் தட்டு தேய்ந்த வண்டியும் முறுக்கினால் போகாது. அதையும் இந்தச் சொல்லுக்குள் சேர்ப்பீர்களா? சேர்த்தால் குழப்பம், விட்டால் ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

கோயம்புத்தூரிலிருந்து

*

வணக்கம் அண்ணா,

கிளட்ச் வெளியேதான் நிற்க வேண்டும். கிளட்ச் வழுக்கினால் எஞ்சின் கத்திக்கொண்டு சுற்று ஏறும், வண்டி ஏறாது. நம்முடைய குறையில் சுற்றே ஏற மறுக்கிறது. காதுள்ள எவருக்கும் வித்தியாசம் தெரியும். சொல்லில் 'சுற்று' இருப்பதன் பயனே இதுதான்: சுற்று ஏறுதா என்று ஓட்டுபவரை முதலாவதாகக் கேட்க வைக்கிறது.

காயில் சுற்று பற்றிய தயக்கம் நியாயமானது. ஆனால் எங்கள் ஊர்க் காரியம் ஒன்று சொல்கிறேன். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. செய்தியில் அவை எப்போதும் 'எண்ணெய்க் குதங்கள்'. மருத்துவத்தில் குதம் என்றால் உடலுறுப்பு. இருந்தும் பத்திரிகை படிக்கும் ஒருவர் கூடக் குழம்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை; முன்னால் நிற்கும் 'எண்ணெய்' காப்பாற்றிவிடுகிறது. அதேபோல இங்கே பின்னால் வரும் 'திணறல்' காப்பாற்றும். காயிலின் மேல் அடுக்கு எரியும், அறும். அது திணறாது.

நேற்று வகுப்புக்கு ஒரு மீன் வியாபாரியின் வண்டி வந்தது. பின்பக்கம் மீன்பெட்டி, சங்கிலி முழுக்க உப்பு. குறையை எழுதும் தாளில் பிள்ளை ஒருவன் நான் சொல்லாமலே 'மேற்சுற்றில் திணறுது, உடனே, 5000க்கு மேல்' என்று எழுதி வைத்திருந்தான். 'உடனே' என்ற அந்த ஒரு சொல்லால் தாங்கியைத் தொடாமல் நேரே பொயின்றுக்குப் போனோம். இடைவெளி 0.35 மி.மீ. அளவில் இருக்க வேண்டியது. முனைகள் கருகி, சேர்ந்தபடியே கிடப்பது போல இருந்தன. தேய்த்துச் சரிசெய்து ஓடவிட்டோம், ஏறியது.

சென்னை அக்கா, கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது ஒரு வேண்டுகோள். 'மேற்சுற்றுத் திணறல்' குறையின் பெயராகத் தனியே நிற்கட்டும். 'எரிபொருள் வரத்துக் குறைவு', 'வால்வுப் பிந்தல்' இரண்டையும் அதற்குக் கீழே காரணங்களாகப் போடுங்கள், இணைச்சொற்களாகப் போட வேண்டாம். பொயின்ற் கருகுவதற்கு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அதையும் அனுப்புங்கள். அடுத்த மாதம் புதிய பிள்ளைகள் வருகிறார்கள்.

திருகோணமலையிலிருந்து