மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பா, வெள்ளை ஓடா?

வணக்கம். திருச்சியில் எங்கள் வீடு கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. மேல்மாடியில் மே மாதம் ராத்திரி பதினோரு மணிக்கும் மின்விசிறி அனல் காற்றைத்தான் தள்ளுகிறது. ஸ்டூலில் ஏறி உள்கூரையைத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இளஞ்சூடு.

அந்தக் காலத்தில் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய் ஊறவைத்த தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் தட்டி, அதன் மேல் தட்டையான ஓடு பதிப்பார்கள். எங்கள் மேஸ்திரி வெறும் சிமென்ட் பூச்சோடு முடித்துவிட்டார். கேட்காதது என் தப்புதான்.

ஏசி வாங்க மனமில்லை. கரண்ட் பில் ஒரு பக்கம், அது வெளியே தள்ளும் சூடு பக்கத்து வீட்டு ஜன்னலுக்குத்தானே போகும்? கூரையை வெள்ளையாக்கினால் வெயில் திரும்பிப் போய்விடும். தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்:

சுண்ணாம்போடு ஃபெவிகால் கலந்து அடித்தால் ஐப்பசி மழைக்குத் தாங்குமா, வருடாவருடம் அடிக்கணுமா? மயிரிழை விரிசல்கள் இருக்கின்றன, முதலில் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு அடிக்க வேண்டுமா? வெள்ளை ஓடு பதித்தால் ஈரத்தில் வழுக்குமா? அம்மா தினமும் வடகம் காயவைக்க ஏறுவார்.

முக்கியமான சந்தேகம் இது. எங்கள் மாடி மழைநீர் நேராகக் கிணற்றுக்குப் போகிறது. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். சுண்ணாம்பு, பசை எல்லாம் அதில் கரைந்து இறங்காதா? முதல் இரண்டு மழையை வெளியே திருப்பிவிட்டால் போதுமா?

மாசி முடிவதற்குள் வேலையை முடிக்கணும்.