செர்ரா தகடுகளுக்குப் போகும் வழி: பஜேரோவில் 4எச் (நாலு சக்கர ஓட்டம்) விழவில்லை, உதவி தேவை

கத்தார் மக்களே, ஜெக்ரீத் தாண்டி புரூக் காப்புப் பகுதியில் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 2014-ல் கலைப்படைப்பா நிறுத்திய நான்கு எஃகுத் தகடுகள் வரை வண்டி போக மாட்டேங்குது. தார் ரோடு முடிஞ்சதும் வரும் கெட்டித் தடத்தில் பிரச்சினை இல்லை. நடுநடுவே பொடி மணல் வந்தால் பின் சக்கரம் மட்டும் சுத்திப் புதையுது. தூரத்தில் நிறுத்திட்டு நடக்கலாம்தான். ஆனால் தகடு வரிசையே ஒரு கிலோமீட்டருக்கு மேல். இரண்டு 14.7 மீட்டர், இரண்டு 16.7 மீட்டர், தரை ஏறி இறங்கினாலும் நாலு தலையும் ஒரே மட்டம். கடைசித் தகடு வரை நடந்தால்தான் அது பிடிபடும், முதல் தகட்டோடு திரும்புவது வீண்.

வண்டி 2014 மிட்சுபிஷி பஜேரோ, 3.5 பெட்ரோல், ஆட்டோ. 2எச்-லிருந்து (பின் சக்கர ஓட்டம் மட்டும்) 4எச் தள்ளினால் டாஷ்போர்டில் முன் சக்கர விளக்கு ரெண்டும் மினுக்கிட்டே இருக்கு. காலையில் எஞ்சின் குளிர்ந்திருந்தால் பிடிச்சுக்குது, சூடானதும் இல்லை. சென்டர் லாக் (முன், பின் ஆக்சிலைச் சேர்த்துப் பூட்டுவது) போட்டாலும் அதே கதை.

டயரை 18 பிஎஸ்ஐ வரை இறக்கியாச்சு. முன் ஆக்சிலை இணைக்கும் வேக்குவத்தைக் கொண்டு போற ஹோஸ் விரிசல் விட்டிருந்தது, எல்லாம் புதுசு. அந்த வேக்குவத்தைத் திறந்து மூடும் சாலினாய்டு வால்வு ரெண்டையும் மாத்தியாச்சு, ஃபியூஸ் சரி. கராஜில் முன் ஆக்சில் மொத்தமா மாத்தணும்னு சொல்றாங்க, நம்பிக்கை இல்லை.

மிச்சம் சந்தேகம் ஆக்சுவேட்டர் டயாஃப்ரம் (வேக்குவத்தில் இழுபட்டு முன் ஆக்சிலை இணைக்கும் சவ்வு), இல்லேன்னா முன் டிஃபரன்ஷியலில் இருக்கும் ஃப்ரீவீல் சுவிட்ச் (இணைஞ்சாச்சுன்னு சொல்லும் சுவிட்ச்). ஆக்சிலைக் கழட்டாம, சூடா இருக்கும்போதே ரெண்டில் எது போயிருக்குன்னு எப்படி டெஸ்ட் பண்றது?