புக்கெட்டில் கப்பல் நிற்கும் சில மணி நேரம்: எந்த ஸ்நோர்கலிங் படகில் ஏறுவது?

ஆற்றங்கரை லைன்:
வணக்கம். பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறிப் பல வருடமாகிறது, நமக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். நம்ம ஊரிலிருந்து இப்போது நிறையப் பேர் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறார்கள். பள்ளி விடுமுறை விட்டால் போதும், செம்பனை ஆலையில் வேலை செய்கிற அண்ணன் குடும்பத்திலிருந்து பாலர் பள்ளி டீச்சர் வரைக்கும் கப்பல் படம்தான் போடுகிறார்கள். டிசம்பரில் நாங்களும் போகிறோம். லங்காவியிலும் தாய்லாந்தின் புக்கெட்டிலும் நிற்கும். பிள்ளைகளுக்கு ஸ்நோர்கலிங் வேண்டுமாம், அதாவது கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மாட்டி மிதந்துகொண்டே கடலுக்கடியில் மீன் பார்ப்பது. அம்மாவுக்கு நீச்சல் தெரியாது, எனக்குத் தெரிந்தது ஆற்று நீச்சல். கப்பலில் விற்கும் சுற்றுலாவையே எடுக்கலாமா, வெளியே பிடிக்கலாமா, ஃபீ ஃபீ தீவு வரைக்கும் போகலாமா, பக்கத்துத் தீவே போதுமா? போனவர்கள் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஏஜண்டுகள் தயவுசெய்து வர வேண்டாம்.

கிராணி வீட்டுப் பையன்:
அண்ணே, நாங்கள் எடுத்தது ஃபீ ஃபீ. படத்தில் பார்க்கும் சுண்ணாம்புப் பாறையும் பச்சைத் தண்ணீரும் நேரிலும் அப்படியேதான் இருக்கின்றன, அதில் பொய்யே இல்லை. ஆனால் நேரக் கணக்கைக் கேளுங்கள். எங்கள் கப்பல் துறைமுக ஜெட்டியில் கட்டவில்லை, பாத்தோங் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டது. சின்னப் படகில்தான் கரைக்கு வர வேண்டும், அதற்கு நம்பர் சீட்டு, வரிசை, கப்பலிலேயே சுற்றுலா வாங்கியவர்களை முதலில் இறக்கி விட்டு அப்புறம்தான் மற்றவர்கள். கரையில் வேன் பிடித்து மலை ஏறி இறங்கி, படகு கிளம்பும் சாலோங் பக்கம் போய்ச் சேரவே முக்கால் மணி நேரம். அங்கே கைப்பட்டை கட்டி, துடுப்புக் காலணி அளவு பார்த்து, ஒரு ஆள் நின்று விதிமுறை சொல்லி முடித்து, அதற்கப்புறம் ஸ்பீட்போட்டில் ஒரு மணி நேரம். புக்கெட்டிலிருந்து ஃபீ ஃபீ 45 கிலோமீட்டர் அளவுக்கு வரும். திரும்பி வரும்போது மத்தியானக் காற்று கிளம்பிவிட்டது, முன்பக்கம் உட்கார்ந்திருந்த என் சித்தப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு கரை வந்தும் நிமிர முடியவில்லை. தண்ணீருக்குள் தலையை விட்ட நேரம் அரை மணி கூட இருக்காது, அதிலும் சுற்றி வேறு கம்பெனிப் படகுகள், ஆள் காலைத்தான் அதிகம் பார்த்தேன்.

ஃபீ ஃபீ போனால் எல்லாரும் கேட்கும் மாயா பே வளைகுடாவில் நீந்த முடியாது. 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். படகு இப்போது வளைகுடாவுக்குள் போவதில்லை, தீவின் பின்பக்கம் இறக்கி விடுகிறார்கள், நடந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அந்த இடம் பவளத்துக்கும் குட்டிச் சுறாவுக்கும் திரும்பக் கிடைத்தது நல்ல விஷயம்தான். ஆனால் ஸ்நோர்கலிங் என்று நினைத்துக் காசு கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புக்கெட்டில் இரவு தங்குகிறவர்களுக்கு ஃபீ ஃபீ. கப்பலில் வந்து சாயங்காலம் திரும்புகிறவர்களுக்கு வேண்டாம் என்பேன்.

தறி மிஷின்:
ஜேம்ஸ்பாண்ட் தீவு போனால் மீன் பார்க்கலாமா? கப்பல் பட்டியலில் அதுவும் இருக்கிறதே.

கிராணி வீட்டுப் பையன்:
அது பங்ஙா வளைகுடா. சதுப்பு நிலக்காடும் சேறும் உள்ள இடம், தண்ணீர் நம்ம ஆறு மாதிரிக் கலங்கல். கயாக் ஓட்ட, குகை பார்க்க அருமை. கண்ணாடி போட்டு இறங்கினால் உங்கள் கையே தெரியாது.

மூனாவது டிவிஷன் அக்கா:
தம்பி, உங்கள் அம்மாவுக்கு நீச்சல் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எந்தத் தீவு என்பதெல்லாம் அப்புறம். ஏஜண்டிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, மணலில் நடந்து தண்ணீருக்குள் போகலாமா, இல்லை நடுக்கடலில் படகிலிருந்து ஏணியில் இறங்க வேண்டுமா என்பதுதான். இதற்கு நேராகப் பதில் சொல்லாதவனிடம் காசு கட்ட வேண்டாம்.

நாங்கள் போனது கோரல் ஐலண்ட், அவர்கள் கோ ஹே என்று சொல்கிறார்கள். சாலோங் ஜெட்டியிலிருந்து ஸ்பீட்போட்டில் கால் மணி நேரம்தான். என் மாமியார் மணலில் உட்கார்ந்துகொண்டே முகத்தைத் தண்ணீரில் வைத்துப் பழகினார். முதலில் பத்து எண்ணுவதற்குள் தலையைத் தூக்கிவிட்டார், மூக்கால் மூச்சு இழுக்கப் பார்த்ததுதான் காரணம். வாயால் மட்டும் மெதுவாக இழுத்து விட வேண்டும் என்று பிடிபட்டதும் லைஃப் ஜாக்கெட்டோடு இடுப்பளவு தண்ணீரில் மிதந்தார். கோடு போட்ட மீன்கள் கூட்டமாக வந்து கையைச் சுற்றின. கொஞ்சம் தள்ளிக் கிளிமீன் பவளத்தைக் கொறிப்பது காதில் கேட்டது. கேட்டது என்றுதான் சொல்கிறேன், தண்ணீருக்குள் அந்தக் கறுக்கு முறுக்கு சத்தம் நன்றாகவே வரும். அறுபது வயதைத் தாண்டிய, பால்மரம் வெட்டியே ஆயுளைக் கழித்த மனுஷி, அன்றைக்கு வெளியே வர மாட்டேன் என்று அடம் பிடித்தார்.

குறையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் அதிகம். ஒரு பக்கம் பாராசூட்டும் வாழைப்பழப் படகும் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் கயிறு கட்டிய பகுதிக்குள்ளேயே இருங்கள். கரையோரப் பவளம் பாதிக்கு மேல் உடைந்து கிடக்கிறது. நீளமான கறுப்பு முள் உள்ள கடல் முள்ளெலிகள் பாறை இடுக்கில் இருக்கும், காலை ஊன்றவே கூடாது, குத்தினால் முள் உள்ளேயே ஒடிந்து நிற்கும். தண்ணீர் வற்றிய நேரத்தில் போனால் பவளத்துக்கும் வயிற்றுக்கும் இடைவெளி இருக்காது, எனவே எத்தனை மணிக்குக் கடல் ஏற்றம் என்று முன்பே கேளுங்கள்.

லைஃப் ஜாக்கெட் பிள்ளை அளவில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். எங்கள் படகில் பெரியவர்களுக்கானது மட்டும்தான் இருந்தது. பிள்ளைக்குப் போட்டால் ஜாக்கெட் மிதக்கிறது, பிள்ளை கீழே நழுவுகிறது. கால் இடுக்கில் கயிறு கொடுத்துக் கட்டி ஒருவாறு சமாளித்தோம்.

பட்டறைக்காரன்:
நீச்சல் தெரிந்தவர்களுக்கு என் ஓட்டு ராச்சா யாய் தீவு. சாலோங்கிலிருந்து முப்பது நாற்பது நிமிடம். ஃபீ ஃபீ தூரம் இல்லை, கோரல் ஐலண்ட் கூட்டமும் இல்லை. கரையை விட்டுத் தள்ளி இருப்பதால் தண்ணீர் தெளிவு, நான் போன அன்று மேலேயிருந்தே அடியில் கிடந்த கல்லை எண்ணலாம் போல இருந்தது. ஆனால் பெரும்பாலும் படகிலிருந்துதான் இறங்க வேண்டும், கீழே ஆழம். ஈயக்குட்டையில் குதித்து வளர்ந்தேன் என்று மார் தட்டிய என் மச்சான், காலுக்கடியில் நீலம் தெரிந்ததும் ஏணியை விட மறுத்துவிட்டான். அவன் நீச்சலுக்குக் குறை இல்லை. குட்டையில் அடி தெரியாது, இங்கே தெரிகிறது, அதுதான் வித்தியாசம்.

சுங்கை தீங்கி மாமா:
லங்காவியை யாரும் சொல்லவில்லையே. தீவின் கரையோரத்தில் தண்ணீர் கலங்கல், ஸ்நோர்கலிங்குக்கு ஆகாது. நல்ல இடம் பாயார் தீவுக் கடல் பூங்கா, தெற்கே 30 கிலோமீட்டர் அளவு. நாங்கள் போனபோது படகு குவா ஜெட்டியிலிருந்து கிளம்பியது. கப்பல் நின்றதோ தஞ்சோங் மாலாய் பக்கம், அங்கிருந்து குவாவுக்கு டாக்சி. காலையிலேயே இறங்கிவிட்டதால் நேரம் சரியாக வந்தது. மத்தியானம் வந்து நிற்கிற கப்பலாக இருந்தால் அதை மறந்துவிடுங்கள். முழங்கால் தண்ணீரில் கறுப்பு முனைத் துடுப்புச் சுறாக் குட்டிகள் சுற்றின. பேரன் முதலில் என் தோளில் ஏறினான், கால் மணியில் அவற்றின் பின்னாலேயே ஓடினான். பொதுவாகக் கடிப்பதில்லை, ஆனால் பிடிக்கப் போகக் கூடாது. ரொட்டி போடவும் கூடாது. மீனுக்கு ரொட்டி பழகிவிட்டால் பவளத்தின் மேல் வளரும் பாசியை மேய்கிற வேலையை விட்டுவிடும், பாசி ஏறிப் பவளம் மூச்சடைத்துச் சாகும். நம்ம ஆட்கள்தான் பையில் கார்டீனியா ரொட்டியோடு வருகிறார்கள், பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

பாயார் தண்ணீர் ஒரு நாள் தெளிவாக இருக்கும், ஒரு நாள் மங்கலாக இருக்கும். மலாக்கா நீரிணை அப்படித்தான். கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான் தீவு போய் வந்த கண்ணோடு இங்கே வராதீர்கள்.

கணக்கு டீச்சர்:
கப்பல் சுற்றுலாவா வெளியிலா என்ற கேள்விக்கு வருகிறேன். நாங்கள் போனபோது வெளியே பிடித்ததில் நல்ல மிச்சம், ஐந்து பேருக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் கப்பலில் வாங்கிய சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனவருக்குக் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு நீங்களே டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர வேண்டும். அந்தக் கூடுதல் காசு இந்த உறுதிக்குத்தான். அதனால் நான் பார்ப்பது தூரம். கால் மணி நேரப் படகு என்றால் வெளியே பிடிக்கலாம், ஒரு மணி நேரப் படகு என்றால் கப்பலிலேயே வாங்க வேண்டும்.

அதைவிட முக்கியம் கடிகாரம். தாய்லாந்து நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். கரையில் கால் வைத்ததும் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். எங்கள் கப்பலோ மலேசிய நேரத்திலேயே ஓடியது. ஐந்து மணிக்குள் ஏற வேண்டும் என்றால் கைப்பேசியில் நான்கு என்று அர்த்தம். எங்கள் வேனில் இருந்த ஒரு குடும்பம் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று இளநீர் குடிக்கப் போனது, டிரைவர்தான் ஓடிப்போய் இழுத்து வந்தார். கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறது என்பதை முந்தின நாள் இரவே வரவேற்பில் கேளுங்கள், எல்லாக் கப்பலும் ஒன்று போல இல்லை.

பட்டறைக்காரன்:
டீச்சர் சொன்னதோடு, கப்பல் அட்டையையும் ஐசி (அடையாள அட்டை) நகலையும் தண்ணீர் புகாத பையில் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கப்பல் அட்டை தொலைந்தால் ஏறும் இடத்தில் பெரிய தொல்லை.

பொன்னி அரிசி:
நாங்கள் ஜூன் மாதம் போகிறோம், அப்போதும் இதே கதைதானா?

சுங்கை தீங்கி மாமா:
இல்லை ம்மா. புக்கெட் இருக்கும் அந்தமான் கடல் பக்கம் மே நடுவிலிருந்து அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கரையில் சிவப்புக் கொடி ஏற்றியிருப்பார்கள், படகு போனாலும் தண்ணீர் கலங்கியிருக்கும். 2018 ஜூலையில் ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு ராச்சா பக்கமிருந்து திரும்பும்போது புயல் அலையில் கோ ஹே அருகே மூழ்கி, சீனாவிலிருந்து வந்த 47 பேர் இறந்தார்கள். நீங்கள் மேலே படித்த அதே தீவுகள்தான். மேலே கேட்ட தம்பி போகிற டிசம்பர் நல்ல மாதம். ஜூனில் மீன்தான் பார்க்க வேண்டும் என்றால் கப்பலை விட்டுவிட்டு ரெடாங்கோ பெர்ஹெந்தியானோ போங்கள், கிழக்குக் கரைக்கு அதுதான் சீசன். டிசம்பரில் அங்கே கடை சாத்திவிடுவார்கள்.

வாடகைக் கண்ணாடி:
மீசைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடிக்குள் தண்ணீர் வருகிறது என்று படகுக்காரனைத் திட்டாதீர்கள், ரப்பர் விளிம்பு மீசை மேல் உட்காருவதால் ஒழுகுகிறது. மூக்குக்கும் மீசைக்கும் நடுவில் ஒரு விரல் வாஸ்லின் தடவுங்கள், போதும். எடுக்கும்போது பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சிப் பாருங்கள், கையை விட்டாலும் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் போகாதீர்கள், பட்டை வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆவி படிந்தால் பிள்ளைகள் ஷாம்பூ ஒரு சொட்டு தேய்த்து அலசுங்கள். எச்சில் துப்பித் தேய்த்தாலும் வேலை செய்யும், மனைவி முறைப்பார்.

மூனாவது டிவிஷன் அக்கா:
பெண்களுக்கு: நீளக் கை டி-ஷர்ட்டும் லெகிங்ஸும் போட்டால் முதுகு வேகாது, சன்ஸ்கிரீனும் பாதிதான் தேவைப்படும். தாய்லாந்து தேசிய பூங்காக்களில் பவளத்துக்குக் கெடுதலான சில ரசாயனங்கள் உள்ள சன்ஸ்கிரீனை 2021-இலேயே தடை செய்துவிட்டார்கள், ஃபீ ஃபீ அந்தப் பூங்காவில்தான் வருகிறது, ஆக்ஸிபென்சோன் இருக்கிறதா என்று டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராது, தெரியும். சட்டைக்குள் விட்டு ஊக்கு குத்திக்கொண்டேன், லைஃப் ஜாக்கெட் மேலே இருப்பதால் அசையவில்லை. வளையலும் மோதிரமும் அறையிலேயே இருக்கட்டும். கர்ப்பிணிகளை ஸ்பீட்போட்டில் ஏற்ற மாட்டார்கள், மறைத்துக்கொண்டு ஏறாதீர்கள். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணிக்கு முன்பே போட்டுக்கொண்டு பின்பக்கம் உட்காருங்கள். இதய மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

தறி மிஷின்:
ஜெல்லிமீன்?

வாடகைக் கண்ணாடி:
படகில் வினிகர் இருக்கிறதா என்று கேளுங்கள். பட்ட இடத்தில் வினிகர் தாராளமாக ஊற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. மூத்திரம் விட்டால் சரியாகும் என்பது சும்மா கதை. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுகினாலோ வினிகரோடு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரி.

கணக்கு டீச்சர்:
வெளியே பிடிக்கிறவர்கள் கடைசியாக ஒன்று கேட்டு வையுங்கள். பாத்தோங் போல சின்னப் படகில் இறங்கும் இடத்தில் அலை பெரிதாக இருந்தால் கப்பல் நிற்காமலேயே போய்விடும், அது கேப்டன் முடிவு. கப்பலில் வாங்கியிருந்தால் பணம் திரும்ப வரும். வெளி ஏஜண்டிடம் கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திரும்ப வருமா, முன்பணம் மட்டும் போகுமா என்பதை வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கிக்கொண்டு, அப்புறம் காசு அனுப்புங்கள். வாய்ச் சொல் எங்களுக்கு உதவவில்லை. இரண்டு மாதம் அலைந்து பாதிதான் வாங்கினோம்.