பொங்கலுக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'கொட்டாய்'. நெல்லிக்குப்பம் பக்கம், தென்பெண்ணைக் கரையோரம் அண்ணன் மாடு வைத்திருக்கிறார். கறவையில் ஏழு, சினையில் இரண்டு. மாட்டை விட்டுவிட்டு அவரால் எந்த விசேஷத்துக்கும் போக முடியாது என்பதால் பொங்கலுக்கு மொத்தக் குடும்பமும் அங்கேதான் போகும். 2025 பொங்கல் வாரத்துப் பேச்சு இது. பெயர்கள் என் போனில் பதிந்திருக்கிறபடியே இருக்கின்றன. காலை வணக்கப் படங்களை எடுத்துவிட்டேன். அவற்றில் பாதிக்கு மேல் நெய்வேலி சித்தப்பாவுடையவை.

ஜனவரி 10, வெள்ளி

அண்ணன், காலை 8.05: பொங்கலுக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு. கறவை நேரம் காலை 4.30, மாலை 3. பால் வண்டி 6.15க்கு வந்துவிடும். கறக்கும்போது கொட்டாய்க்குள் கூட்டம் போட வேண்டாம். புது ஆளைப் பார்த்து மிரண்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அப்புறம் மடியைத் தடவிக் கெஞ்ச வேண்டியது நான்தான்.

லாஸ்பேட்டை அக்கா, 8.11: இது அழைப்பா நோட்டீஸா தம்பி?

அண்ணி, 8.12: அவருக்கு இதற்கு மேல் இனிப்பாக எழுத வராது அண்ணி. எல்லோரும் வாருங்கள். பாய் எல்லாம் துவைத்துக் காயவைத்துவிட்டேன்.

நெய்வேலி சித்தப்பா, 8.30: 13ஆம் தேதி சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் பார்த்துவிட்டு 14 மதியம் வந்துவிடுகிறோம். சித்தி முறுக்கு சுடுகிறாள். மாட்டுப் பொங்கலுக்கு ஆட்டுக்கறி உண்டா?

லாஸ்பேட்டை மாமா, 8.34: அன்று திருவள்ளுவர் தினம் மாமா. கறிக்கடை திறக்காது. காணும் பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நெய்வேலி சித்தப்பா, 8.35: புலால் வேண்டாம் என்று சொன்னது வள்ளுவர். நான் எப்போது சொன்னேன்?

நான், 9.02: அண்ணா, வைக்கோல் கிடைத்ததா?

(ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, டிசம்பர் முதல் வாரத்தில், சாத்தனூர் அணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்களே, அந்தத் தண்ணீர் எங்கள் வைக்கோல் போரை அடியோடு நனைத்துவிட்டது. மாடுகளை முன்னிரவிலேயே ரோட்டு மேட்டுக்கு ஓட்டிப் போய்விட்டதால் உயிர்ச்சேதம் இல்லை.)

அண்ணன், 12.40: பாதி கிடைத்தது. நனைந்த போரில் உள்ளே எல்லாம் பூஞ்சை. சினை மாட்டுக்குப் பூஞ்சை வைக்கோல் போட்டால் கன்று கலைந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அள்ளி எருக்குழியில் போட்டுவிட்டேன். ஆலைக்குக் கரும்பு வெட்டு நடக்கிறது, தோகை கேட்டால் கொடுக்கிறார்கள். இப்போதைக்கு அதிலும் கோ-4 தீவனப் புல்லிலும் ஓடுகிறது.

லாஸ்பேட்டை மாமா, 12.44: பச்சையாகத் தின்றால் பால் நிறைய வருமே, நல்லதுதானே?

அண்ணன், 12.50: பால் வரும் மாமா. கொழுப்பு வராது. நார்ச்சத்துக்கு வைக்கோல் வேண்டும். அது குறைந்ததும் பால் சொசைட்டியில் கொழுப்பு இறங்கிவிட்டது. லிட்டருக்கு 35, ஊக்கத்தொகை 3 என்று பேப்பரில் போடுவார்கள். கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு போக மீதித் திடப்பொருள்) இறங்கினால் அந்தப் பணம் கைக்கு வராது. பனிக்காலம், கலப்பின மாடு நன்றாகக் கறக்கிற மாதம். கேனைப் பார்த்தால் சந்தோஷம், சீட்டைப் பார்த்தால் இல்லை.

அம்மா, 1.15 (குரல் பதிவு, அக்கா மகன் எழுதிப் போட்டது): எல்லோரும் வந்து சேருங்கள். கணக்கு வழக்கு அப்புறம் பேசலாம். பெரியவளே, புதுச்சேரியில் அந்தச் சாதா அலுமினிய வடிகட்டி இரண்டு வாங்கி வா. இங்கே எல்லாம் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காகத்தான் இருக்கிறது.

அக்கா மகன், 1.18: மாமா, கரும்பி எப்போது கன்று போடும்? வீடியோ எடுக்க வேண்டும்.

அண்ணன், 1.30: ஏப்ரல் 8ஆம் தேதி சினை ஊசி போட்டது. 280 நாள் கணக்குப் பார்த்தால் 13ஆம் தேதி. இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே ஆகும். கிடேரி, அதாவது பெண் கன்று, பிறப்பதற்கென்றே விந்தைப் பிரித்து வருகிற ஊசி அது. நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரிதான் என்றார்கள். வீடியோ எடுக்கலாம், ஆனால் லைட் அடிக்கக் கூடாது.

ஜனவரி 14, செவ்வாய்

(பொங்கல் வைத்து முடித்து, மதியம் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டோம். சித்தப்பா வந்ததும் வராததுமாகக் கரும்பியின் வாலைத் தூக்கிப் பார்த்து 'நாளைக்குத்தான்' என்றார். அவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாட்டைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.)

அண்ணன், இரவு 10.20: எல்லோரும் படுங்கள். மடி நன்றாக இறங்கிவிட்டது. வாலுக்கு இரண்டு பக்கமும் குழி விழுந்திருக்கிறது. எழுவதும் படுப்பதுமாக இருக்கிறாள். நான் கொட்டாயில் இருக்கிறேன்.

அண்ணி, 10.22: ஃபிளாஸ்கில் டீ வைத்திருக்கிறேன். போர்வையை மறந்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

அக்கா மகன், 10.23: மாமா, என்னை எழுப்புங்கள்.

ஜனவரி 15, புதன்

அண்ணன், காலை 3.48: தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. இரண்டு முன்னங்காலும் தெரிகிறது, மூக்கும் தெரிகிறது. சரியான வாக்கில்தான் வருகிறது. யாரும் ஓடி வர வேண்டாம். அவன் மட்டும் வரட்டும், செருப்பு சத்தம் இல்லாமல்.

அண்ணன், 4.25: போட்டுவிட்டாள். இரண்டும் சுகம். நக்கிக்கொண்டிருக்கிறாள்.

லாஸ்பேட்டை அக்கா, 4.26: என்ன கன்று?

அண்ணன், 4.31: காளை.

லாஸ்பேட்டை மாமா, 4.32: தொண்ணூறு என்று சொன்னார்களே!

அண்ணன், 4.33: மீதிப் பத்து நமக்கு வந்தது மாமா.

நெய்வேலி சித்தப்பா, 4.40: மாட்டுப் பொங்கல் விடியற்காலையில் காளை பிறப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு விருத்தி.

அண்ணி, 4.41: விருத்திதான் சின்ன மாமா. ஆறு மாதத் தீனிச் செலவையும் நீங்களே ஏற்றுக்கொண்டால் இன்னும் விருத்தி.

நெய்வேலி சித்தப்பா, 4.41: (வணக்கம் வைக்கும் கைகள்)

அக்கா மகன், 4.50: அம்மா, அரை மணி நேரத்தில் எழுந்து நின்றுவிட்டது! நான்கு காலும் நான்கு திசையில் போகிறது. மூன்று முறை விழுந்தது. இப்போது மடியைத் தேடி முன்னங்காலுக்கு நடுவில் முட்டிக்கொண்டிருக்கிறது. மாமா திருப்பிவிட்டார்.

அண்ணன், 5.02: சீம்பால் ஊட்டியாயிற்று. முதல் ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் போய்விட வேண்டும். நோய் எதிர்ப்பு எல்லாம் அதில்தான். யாரும் டப்பாவை எடுத்துக்கொண்டு இப்போதே வந்து நிற்காதீர்கள். கன்றுக்குப் போக மீதிதான் நமக்கு.

லாஸ்பேட்டை அக்கா, 5.03: நான் டப்பாவை எடுக்கவே இல்லை. (கையில் வைத்துக்கொண்டுதான் எழுதினாள். பக்கத்தில் படுத்திருந்த நான் பார்த்தேன்.)

அக்கா மகன், 7.35: சித்தி, மாமா ஒரு சாக்கில் வைக்கோலோடு எதையோ கட்டி எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போகிறார். என்ன அது?

நான், 7.37: நஞ்சுக்கொடி. ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆல் பால் உள்ள மரம், அதில் கட்டினால் மாட்டுக்குப் பால் குறையாது என்பது ஆயா கணக்கு. நாய் இழுத்துப் போடாமலும் இருக்கும். முன்பு வீட்டுக்குப் பின்னாலேயே ஓர் ஆலமரம் இருந்தது. 2011 தானே புயலில் சாய்ந்துவிட்டது, அதனால்தான் அவ்வளவு தூரம் நடை.

(இதற்குப் பிறகு மாலை வரை குழுவில் ஒரு வரியும் இல்லை. எல்லோரும் ஒரே வாசலில் இருந்தோம். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு நீலமும் சிவப்பும் பூசி, கரும்பிக்கு மட்டும் கொம்பைத் தொடாமல் மாலை போட்டோம். சாயங்காலம் கொட்டாய் வாசலில் பொங்கல் வைத்துப் படைத்து, தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு 'பொங்கலோ பொங்கல்' என்று மாடுகளைச் சுற்றி வந்தோம். அக்கா குடும்பம் எட்டு மணிக்குப் புதுச்சேரி கிளம்பியது. சித்தப்பா மொட்டைமாடியில், நானும் பிள்ளைகளும் கூடத்தில்.)

அண்ணன், இரவு 9.10: செவலைக்கு யார் யார் பொங்கல் கொடுத்தது? கோபம் இல்லை. எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள். டாக்டரிடம் போனில் சொல்ல வேண்டும். மாடு அசை போடவில்லை, இடது வயிறு உப்பியிருக்கிறது.

லாஸ்பேட்டை அக்கா, 9.12: நான் ஒரு கை. படைத்த இலையிலிருந்து.

லாஸ்பேட்டை மாமா, 9.12: நானும் ஒரு கைதான். கூட இரண்டு வாழைப்பழம்.

அக்கா மகன், 9.13: நான் வீடியோவுக்காக ஒரு கை. சரியாக வரவில்லை என்று இன்னொரு கை.

நெய்வேலி சித்தப்பா, 9.15: நான் கொடுக்கவில்லை. சித்திதான் கொடுத்தாள். கொஞ்சம் பெரிய உருண்டை.

அம்மா, 9.17 (குரல் பதிவு, நான் எழுதியது): ஆண்டுக்கு ஒரு நாள், வாயில்லா ஜீவன், ஒரு தட்டு வைத்தேன். உன் தாத்தா காலத்தில் பானையோடு வைப்போம்.

அண்ணன், 9.20: தாத்தா காலத்து மாடு ஏர் உழுத மாடு அம்மா. சரி. நாலைந்து கை, ஒரு தட்டு, பழம். போதும்.

அண்ணி, 9.21: ஒவ்வொருவரும் ஒரு கை. செவலை மட்டும் யாரிடமும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அண்ணன், 9.48: டாக்டர் சொல்லிவிட்டார். சோறும் வெல்லமும் உள்ளே போய் வேகமாகப் புளிக்கிறது. அமிலம் ஏறினால் வயிற்றில் இருக்கிற நல்ல கிருமிகள் செத்துப்போகும், அப்புறம் அசை நின்றுவிடும், மாடு படுத்துவிடும். பொங்கலுக்குப் பொங்கல் அவருக்கு இதே வேலையாம். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து அவர் சொன்ன அளவு ஊற்றிவிட்டேன். இனி காய்ந்த வைக்கோல் மட்டும். கொஞ்ச நேரம் நடக்க வைக்கச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் இறங்காவிட்டால் நேரில் வருகிறேன் என்றார்.

லாஸ்பேட்டை மாமா, 9.50: அவர் வராவிட்டால் 1962க்குப் போடு. கால்நடை ஆம்புலன்ஸ்.

அக்கா மகன், 9.51: மாமா, சாரி.

அண்ணன், 9.55: உன்னால் இல்லைடா. நீ இரண்டு கை, அவ்வளவுதான். தூங்கு.

(அண்ணன் மாட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நடந்தார். சித்தப்பா மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்து கூடவே நடந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சித்தி உள்ளே உட்கார்ந்து, தான் கொடுத்த உருண்டை எவ்வளவு பெரிது என்று கையால் அளந்து அளந்து அம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அது சின்னதாகிக்கொண்டே வந்தது.)

அண்ணன், 11.42: சாணி போட்டாள். வயிறு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அசை போட ஆரம்பித்துவிட்டாள். எல்லோரும் தூங்குங்கள்.

லாஸ்பேட்டை அக்கா, 11.42: அப்பாடா.

ஜனவரி 16, வியாழன்

அண்ணன், காலை 6.40: செவலை பாதிப் பால்தான். இரண்டு மூன்று நாளில் ஏறிவிடும். கரும்பி பால் சொசைட்டிக்கு இந்த வாரம் கிடையாது, சீம்பால் கலந்தால் மொத்தக் கேனும் காய்ச்சும்போது திரிந்துவிடும். எனவே டப்பாக்காரர்கள் இப்போது வரலாம்.

லாஸ்பேட்டை அக்கா, 6.41: நாங்கள் பத்து மணிக்கு அங்கே இருப்போம். கறியும் வாங்கி வருகிறோம்.

அக்கா மகன், 6.58: மாமா, காளைக் கன்றை என்ன செய்வீர்கள்? விற்றுவிடுவீர்களா?

(இதற்கு வெகுநேரம் பதில் வரவில்லை. எல்லோரும் படித்துவிட்டதைக் காட்டும் நீல டிக் மட்டும் இருந்தது.)

அண்ணன், 8.15: இப்போது எங்கேயும் போகாது. மூன்று மாதம் பால் குடிக்கட்டும். அப்புறம் உண்மையைச் சொல்கிறேன். கலப்பினக் காளை உழவுக்கு ஆகாது, வெயில் தாங்காது. இனவிருத்திக்கு ஊசி வந்துவிட்டது. வைத்திருந்தால் ஒரு கறவை மாட்டின் தீனியில் பாதி அதற்குப் போகும். வாங்குகிறவர்கள் எதற்கு வாங்குகிறார்கள் என்று உனக்கும் தெரியும். அதனால்தான் கூடுதல் காசு கொடுத்து அந்த ஊசி போட்டேன். கறியைத் தின்றுகொண்டே இதைப் பேச வேண்டாம், மதியம் வா, கொட்டாயில் உட்கார்ந்து பேசுவோம்.

அக்கா மகன், 8.17: சரி மாமா.

நெய்வேலி சித்தப்பா, 8.30: குவார்ட்டர்ஸில் தோட்டம் இருந்தபோது கேட்டிருந்தால் நானே வாங்கியிருப்பேன்.

அண்ணி, 8.31: பெயர் மட்டும் வையுங்கள் சின்ன மாமா.

ஜனவரி 19, ஞாயிறு

(தை 5 அன்று, அதாவது சனிக்கிழமை, ஆற்றுத் திருவிழா முடித்துக்கொண்டு எல்லோரும் கிளம்பினோம். கடலூர் ஆற்றில் எல்லா ஊர்ச் சாமியும் தீர்த்தவாரிக்கு வந்திருந்தது. வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய புது மணலில் காலை வைத்தால் முழங்கால் வரை போனது. ராட்டினக்காரர்கள் பலகை போட்டு நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் வரவில்லை. மூன்று மணிக் கறவை.)

அண்ணி, காலை 9.30: வீட்டில் விட்டுப் போனவை: போன் சார்ஜர் இரண்டு. புடவை ஒன்று, பச்சை, யாருடையது? அலுமினிய வடிகட்டி உறை பிரிக்காமல் காரிலேயே போய்விட்டது. பாப்பா, உன் பையன் செருப்பு ஒரு கால் மட்டும் இருக்கிறது.

நான், 9.33: இன்னொரு காலோடுதான் தாம்பரம் வந்து இறங்கினான் அண்ணி.

நெய்வேலி சித்தப்பா, 9.40: சார்ஜர் ஒன்று என்னுடையது. பால் வண்டியில் கொடுத்துவிடு.

அண்ணன், 9.52: பால் வண்டி நெய்வேலிக்கு வராது சித்தப்பா. ஆற்றுத் திருவிழாவில் சுருளிக்கிழங்கு வாங்கிவரச் சொன்னேனே, யார் வாங்கியது?

லாஸ்பேட்டை அக்கா, 9.53: ஐயோ, வடிகட்டியோடு அதுவும் காரில்தான் இருக்கிறது.

அண்ணன், 9.54: எத்தனை கிலோ?

லாஸ்பேட்டை அக்கா, 9.58: இரண்டு வாங்கினோம். இப்போது ஒன்றரை.

அண்ணன், 9.59: வேகவைத்துவிட்டீர்களா?

லாஸ்பேட்டை மாமா, 10.01: நேற்று ராத்திரியே. அடுத்த ஞாயிறு கொண்டுவருகிறோம், வேறு வாங்கி. கறவைக்கு முன்னால் வரட்டுமா, பின்னாலா?

அண்ணன், 10.02: பின்னால்.