டர்போ எஞ்சினில் தாக்குப்பிடிக்கும் ஹெட் கேஸ்கெட்: மாற்றியவர்கள் சொல்லும் அனுபவங்கள்

ஈசூன் உறுப்பினர்:

சி.ஓ.இ.யை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழை)ப் புதுப்பித்து நான் வைத்திருக்கும் பழைய காரில் இருப்பது மிட்சுபிஷியின் 4ஜி63 டர்போ எஞ்சின். பூஸ்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, சற்றுக் கூட்டி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், கெந்திங் மலை ஏறித் திரும்பிய மறுநாள் காலை, எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லைப் போல் இறுகியிருந்தது. எஞ்சினை முடுக்கினால் கூலண்ட் தொட்டியில் குமிழ்கள் எழுந்தன. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்த்த சோதனைத் திரவமும் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறியதால், ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடு) பழுதாகி, எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுகிறது என்பதில் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

பட்டறையில் பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டைப் பரிந்துரைத்தார்கள். அந்தப் பரிந்துரையில் தவறில்லை. 85 மி.மீ. துளையுள்ள ஒரு சிலிண்டரில் எரிதல் அழுத்தம் 100 பார் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வெடிப்பின்போதும் ஏறக்குறைய 5.8 டன் விசை ஹெட்டை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஹெட் இம்மியளவு எழும்போது, எஃகுத் தகடுகளில் துளையைச் சுற்றி அழுத்தி எழுப்பியிருக்கும் விளிம்பு, வில்லைப் போல் தானும் எழுந்து இடைவெளியை அடைத்துவிடும். நார் அல்லது கிராஃபைட் கலவையில் செய்த கேஸ்கெட்டோ ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான்.

ஆயினும் நான்காவது மாதமே குமிழ்கள் திரும்பிவிட்டன. கேஸ்கெட் போலியாக இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். காக்கி புக்கிட்டில் வேறோர் இயந்திரப் பட்டறையில் ஹெட்டைக் கழற்றி, பிளாக்கின் மேல் நேர்விளிம்புக் கட்டையை வைத்து, அடியில் ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளை)ச் செருகிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. முன்பு வேலை செய்தவர்கள் ஹெட்டை ஒழுங்காக இழைத்துச் சமன் செய்துவிட்டு, காரிலேயே இருந்த பிளாக்கை மட்டும் காற்றழுத்தத்தில் சுழலும் கைக்கருவியின் உராய்வுத் தட்டால் தேய்த்துப் 'பளபளப்பாக்கி' இருந்தார்கள். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே 0.1 மி.மீ. பள்ளம் இருந்தது; இவ்வகைக் கேஸ்கெட்டுக்குப் பொதுவாக 0.05 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. மேற்பரப்பின் சொரசொரப்பும் ஏறத்தாழ 1.3 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஏனெனில் தகட்டின் மேலுள்ள மெல்லிய ரப்பர்ப் பூச்சு மிக நுண்ணிய கீறல்களை மட்டுமே நிரப்பும். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிவது ஓர் அளவே அல்ல. அந்தத் தட்டிலிருந்து உதிரும் துகள்கள் எண்ணெயோடு போய் பேரிங்குகளைத் தின்றுவிடும் என்பது தனிக் கவலை.

பிளாக்கை வெளியே எடுத்து இழைத்தோம். பழைய போல்ட்டுகளுக்குப் பதிலாக வலுவான ஸ்டட்டுகளைப் போட்டு, அவற்றுடன் வந்த மசகையே தடவி, நடுவிலிருந்து வெளிநோக்கி மூன்று கட்டங்களாக முறுக்கினோம். மசகில்லாமல் முறுக்கினால், டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டினாலும் விசையில் பெரும்பகுதி மரையின் உராய்வுக்கே செலவாகி, ஹெட்டைப் பிடிக்கும் அழுத்தம் குறைந்துவிடும். இந்த முறை வைத்ததும் அதே பகுதி எண் கொண்ட கேஸ்கெட்தான். மூன்றாண்டுகளாக ஒரு சொட்டுக் கூலண்ட் குறையவில்லை.

ஜூரோங் வெஸ்ட் உறுப்பினர்:

செப்பு கேஸ்கெட்டை யாராவது சிபாரிசு செய்தால் என் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக, பதப்படுத்திய செப்புத் தகட்டை வைத்து, பிளாக்கில் சிலிண்டரைச் சுற்றிப் பள்ளம் வெட்டிக் கம்பி வளையம் பதித்தோம். நெருப்பை அது அபாரமாக அடைத்தது, தண்ணீரைத்தான் அடைக்கவில்லை. இரவு நிறுத்திய கார் காலையில் ஓரத்தில் கசிந்து நிற்கும். செம்புக்கு எஃகைப் போல் மீண்டெழும் தன்மை இல்லை. நாள்தோறும் சூடாகி ஆறும் சாலைக் காருக்கு அதை நான் இனி வைக்கமாட்டேன்.

உட்லண்ட்ஸ் உறுப்பினர்:

ஈசூன் அண்ணன் சொன்ன அத்தனையையும் செய்த பிறகும் என் கேஸ்கெட் போனது, காரணம் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பது. ரோன் 98 பெட்ரோலுக்கு (ரோன் எண் கூடினால் நாக்கிங்கைத் தாங்கும் திறன் கூடும்) டியூன் செய்திருந்த காரை வாரந்தோறும் மலேசியாவின் ஜொகூருக்கு ஓட்டிச் செல்வேன். வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட கார்களுக்கு அங்கே ரோன் 95 விற்கக் கூடாது என்பதால், எனக்குக் கிடைத்தது ரோன் 97. ஓர் எண்தானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். சோதனைச்சாவடி வரிசையில் ஒரு மணி நேரம் ஊர்ந்து டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கொதித்திருக்க, வரிசை கலைந்ததும் முழு பூஸ்டில் மிதிப்பது என் வழக்கம். கழற்றிப் பார்த்தபோது சிலிண்டர் விளிம்பில் எஃகு அடுக்கு சுத்தியலால் அடித்ததைப் போல் நொறுங்கியிருந்தது. அப்படிப்பட்ட அதிர்ச்சியை எந்தக் கேஸ்கெட்டும் நெடுநாள் தாங்காது.

நாக்கிங்கைத் தவிர்க்க, அழுத்த விகிதத்தை (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பதை)க் குறைக்கத் தடித்த கேஸ்கெட்டை வைக்கலாமா என்று அண்ணனிடம் கேட்டிருந்தேன். பயன் எவ்வளவு என்று அவர் கணக்குப் போட்டுச் சொன்ன பிறகு கைவிட்டேன்.

ஈசூன் உறுப்பினர்:

அந்தக் கணக்கு இதுதான். 85 மி.மீ. துளையும் 88 மி.மீ. பிஸ்டன் ஓட்டமும் கொண்ட என் எஞ்சினில், கேஸ்கெட்டின் தடிமனை 0.5 மி.மீ. கூட்டினால் ஒரு சிலிண்டரின் எரிகலனில் 2.8 கன செ.மீ. கூடும், விகிதம் 8.8லிருந்து 8.5க்கு இறங்கும், அவ்வளவுதான். பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்துக் கலவையை நடுவுக்குத் தள்ளும் குறுகிய இடைவெளியும் அகன்றுவிடுவதால், தவிர்க்க நினைத்த நாக்கிங்கே கூடும் வாய்ப்பும் உண்டு. டியூனில் இக்னிஷனை (தீப்பொறி எழும் நேரத்தை)ச் சற்றுப் பின்தள்ளுவது இதைவிட மலிவு.

பிடோக் உறுப்பினர்:

என்னுடையது ஹெட் அல்ல, டர்போவுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களின் புகையைத் திரட்டி டர்போவுக்கு அனுப்பும் குழாய்க்கும்) நடுவிலுள்ள கேஸ்கெட். ஓராண்டுக்குள் மூன்று மாற்றினேன், மூன்றும் ஒரே மூலையில் கருகின. நான்காவதை வாங்கப் போன கடைக்காரர் விற்க மறுத்து, "முதலில் மேனிஃபோல்டைக் கழற்றி எடுத்து வாருங்கள், தம்பி" என்றார். கேஸ்கெட் உட்காரும் ஃபிளான்ஞ்சு (இணைப்பு விளிம்பு) வளைந்திருந்தது.