ஹைப்ரிட் இன்வெர்ட்டர்: 3 கிலோவாட்டா, 5-ஆ, 10-ஆ? (குடவாசல் பக்கம், ஒரு ஏ.சி., ஒரு போர் மோட்டார்)

ஓடம்போக்கி

வணக்கம். வீடு குடவாசல் பக்கம். கீழ்த்தளம் மட்டும், மேலே மொட்டை மாடி. இரண்டு மாத பில் சராசரியா 480 யூனிட். வீட்டில் இருப்பது:

ஃபேன் 5 (மூணு பழசு, இரண்டு கரண்ட் கம்மியா இழுக்கிற பி.எல்.டி.சி.), எல்.இ.டி. விளக்கு பத்து, ஃபிரிட்ஜ், டி.வி., மிக்ஸி, டேபிள்டாப் கிரைண்டர், வாஷிங் மெஷின், 1.5 டன் இன்வெர்ட்டர் ஏ.சி. ஒண்ணு, 1 எச்.பி. சப்மெர்சிபிள் போர் மோட்டார். கீசர் கிடையாது.

சோலார் பேனல், பேட்டரி, இ.பி. மூணையும் சேர்த்து ஓட்டுற ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போடலாம்னு இருக்கேன். ஒரு கடையில் 3 கிலோவாட் தாராளம்னு சொல்றாங்க. இன்னொருத்தர், "பின்னாடி இன்னொரு ஏ.சி. வரும், 10 போட்டுடுங்க"ன்னு சொல்றார். இரண்டு பேருமே கேட்டது கரண்ட் பில்லை மட்டும்தான். பில்லை வச்சு இன்வெர்ட்டர் அளவு முடிவு பண்ண முடியுமா? கரண்ட் போனா ஏ.சி.யும் ஓடணும், மோட்டாரும் ஓடணும்.

வெண்ணாற்றங்கரை

பில்லை வைத்து இன்வெர்ட்டர் அளவைச் சொல்ல முடியாது. யூனிட் கணக்கு பேனலுக்கும் பேட்டரிக்கும்தான். இன்வெர்ட்டருக்கு வேண்டியது வேறு இரண்டு எண்கள்: ஒரே நேரத்தில் எத்தனை வாட் ஓடுகிறது, மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் எவ்வளவு இழுக்கிறது.

உங்கள் பட்டியலை ராத்திரி எட்டு மணி நிலவரமாகப் போட்டுப் பார்க்கிறேன். பழைய ஃபேன் 75 வாட் வீதம் மூன்று, பி.எல்.டி.சி. 30 வீதம் இரண்டு, ஆக 285. விளக்கு 80, டி.வி. 90, ஃபிரிட்ஜ் ஓடும்போது 150. மொத்தம் 600 வாட்டுக்குச் சற்று மேல். ஏ.சி. போட்டவுடன் அறை குளிரும்வரை 1500 வாட் வரை போகும், பிறகு 500, 600-க்கு இறங்கிவிடும். ஆக உச்சம் 2100. இதற்கு 3 கிலோவாட் போதும். அந்தக் கடைக்காரர் சொன்னதில் பிழையில்லை, மோட்டாரை மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

1 எச்.பி. சப்மெர்சிபிள் ஓடும்போது 1100, 1200 வாட். அது பிரச்சினை இல்லை. கிளம்பும்போது ஓட்டக் கரண்டைப் போல நாலைந்து மடங்கு இழுக்கும். 7 ஆம்பியர் மோட்டார் 30, 35 ஆம்பியர் கேட்கும், அதாவது 7 முதல் 8 கே.வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது). 3 கிலோவாட் இன்வெர்ட்டரின் சர்ஜ் (சில நொடி மட்டும் தாங்கும் உச்சம்) பெரும்பாலும் 6 கே.வி.ஏ.தான். அங்கேயே ஓவர்லோட் காட்டி நின்றுவிடும். 5 கிலோவாட்டின் சர்ஜ் 10 கே.வி.ஏ. என்றால் மோட்டார் கிளம்பும், ஆனால் ஏ.சி. முழு வேகத்தில் இருக்கும்போது போட்டால் விளிம்பில்தான் நிற்கும்.

எனவே மோட்டாரும் பேக்கப்பில் வேண்டுமென்றால் 5. மோட்டார் இ.பி.யிலேயே இருக்கட்டும், மேல்தொட்டி 1000 லிட்டர் இருக்கிறது என்றால் 3 முதல் 3.6 வரை போதும்.

வாங்கும்போது கே.வி.ஏ.வும் கிலோவாட்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். பவர் ஃபாக்டர் 0.8 என்று போட்டிருந்தால் 5 கே.வி.ஏ. மெஷின் கொடுப்பது 4 கிலோவாட்தான்.

10 கிலோவாட் ஏன் வேண்டாம்? இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருக்கவே கரண்ட் தின்னும். டேட்டாஷீட்டில் நோ லோட் கன்சம்ப்ஷன் என்று போட்டிருப்பார்கள். 5 கிலோவாட் மெஷினில் 50, 60 வாட் என்றால் நாளுக்கு 1.2 முதல் 1.4 யூனிட். பெரிய மெஷினில் அது 100 வாட் என்றால் நாளுக்கு 2.4 யூனிட். உங்கள் வீடே நாளுக்கு 8 யூனிட்தான். ஒன்றும் செய்யாமல் சுவரில் தொங்குவதற்கே இத்தனை சாப்பிடும் விருந்தாளி எதற்கு?

மூணாம்சேத்தி

மேலே சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கணும். இன்வெர்ட்டர் 5 கிலோவாட்னு எழுதியிருந்தாலும் பேட்டரி கொடுக்கிறதுக்கு மேல அது கொடுக்காது. இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறது.

51.2 வோல்ட் 100 ஏ.எச். (ஆம்பியர் அவர்) லித்தியம் பேட்டரி ஒண்ணு வாங்கினா 5.12 யூனிட். அதுல எத்தனை ஆம்பியர் எடுக்கலாம்ங்கிறதை உள்ளே இருக்கிற பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கிற எலெக்ட்ரானிக் போர்டு) தீர்மானிக்கும். சில மாடல்ல தொடர்ச்சியா 50 ஆம்பியர்தான், அதாவது 2560 வாட். ஏ.சி., ஃபேன், லைட் ஓடிக்கிட்டு இருக்கும்போது மோட்டாரைப் போட்டா இன்வெர்ட்டர் தாங்கும், பி.எம்.எஸ். கட் பண்ணிடும். வீடு முழுக்க இருட்டு. பழி இன்வெர்ட்டர் மேல விழும். 100 ஆம்பியர் தர்ற மாடலா பாருங்க, இல்லைன்னா இரண்டு பேட்டரி இணையா போடுங்க.

நேரக் கணக்கு: ஏ.சி. இல்லாம ராத்திரி 7-லேர்ந்து காலை 6 வரை சராசரி 400 வாட்னு வச்சா 4.4 யூனிட். ஒரு பேட்டரியில 90 சதவீதம் எடுத்து, இன்வெர்ட்டர் இழப்பும் போக கைக்கு வர்றது 4.2. இன்வெர்ட்டரோட சொந்தச் செலவு அரை யூனிட் வேற. ஆக விடியறதுக்கு முன்னாடி தீர்ந்துடும். ஏ.சி. எட்டு மணி நேரம்னா இன்னொரு 4 யூனிட், ரெண்டு பேட்டரி கட்டாயம். ஆனா நம்ம பக்கம் கரண்ட் போறது பெரும்பாலும் ஒரு மணி, ரெண்டு மணி நேரம்தான். அதுக்கு ஒண்ணு போதும். இரண்டாவதுக்கு இடம், கேபிள் விட்டு வச்சுட்டு அப்புறம் வாங்குங்க. ஒரே மேக், ஒரே மாடலாதான் இருக்கணும்.

5 கிலோவாட்டை 48 வோல்ட்ல எடுத்தா 110 ஆம்பியருக்கு மேல போகும். பேட்டரி கேபிள் 35 ஸ்கொயர் எம்.எம். காப்பர், லக்கை (கேபிள் நுனியில மாட்டுற உலோக முனை) அதுக்கான கருவியால கிரிம்ப் பண்ணணும், சுத்தியலால தட்டி வைக்கக் கூடாது. சூடாகி உருகுறது எப்பவும் அந்த லக்குலதான்.

ஓடம்போக்கி

ரொம்ப நன்றி சார், அண்ணே. சொல்ல மறந்துட்டேன், மீட்டர் மூணு ஃபேஸ். மோட்டாரும் சிங்கிள் ஃபேஸ்தான். சாயங்காலம் வோல்டேஜ் 180 வரை இறங்குது. இதனால கணக்கு மாறுமா?

தாளடி

மாறும், இதை முதல்லயே சொல்லியிருக்கணும் 🙂

இரண்டு வழி. மூணு ஃபேஸ் ஹைப்ரிட் போட்டால் 8 கிலோவாட் மெஷின் என்பது ஃபேஸுக்கு 2.7 கிலோவாட்தான். ஒரு ஃபேஸில் ஏ.சி.யும் மோட்டாரும் சேர்ந்தால் அதுவும் திணறும். மூணு ஃபேஸில் ஓடும் எதுவும் உங்கள் வீட்டில் இல்லை. எனவே சிங்கிள் ஃபேஸ் 5 கிலோவாட்டே போடலாம்: பேக்கப் வேண்டிய லைன்களை மட்டும் பிரித்துத் தனி டி.பி.க்கு (டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ்) கொண்டுபோய் ஒரே ஃபேஸில் கட்டுங்கள். நெட் மீட்டர் (மிஞ்சும் சோலார் கரண்டை இ.பி.க்கு அனுப்பிக் கணக்கு வைக்கும் மீட்டர்) எடுப்பதாக இருந்தால் மூணு ஃபேஸ் இணைப்பில் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர் எத்தனை கிலோவாட் வரை ஒப்புக்கொள்வார்கள் என்று செக்‌ஷன் ஆபீஸில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

பிரிக்கும்போது நியூட்ரல்தான் ஆபத்து. பழைய ஒயரிங்கில் இரண்டு மூன்று அறைக்கு ஒரே நியூட்ரல் ஓடும். ஃபேஸை மட்டும் புது டி.பி.க்கு மாற்றி நியூட்ரலைப் பழைய இடத்திலேயே விட்டால் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனை நிறுத்தும் பிரேக்கர்) விழுந்துகொண்டே இருக்கும். பல எலெக்ட்ரீஷியன்கள் அப்போது ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிடுவார்கள். அதற்கு விடாதீர்கள். பேக்கப் லைன் ஒவ்வொன்றின் நியூட்ரலையும் தேடிப் பிடித்துப் புது நியூட்ரல் பாருக்குக் கொண்டுவர வேண்டும். அரை நாள் வேலை, ஆனால் செய்தே ஆக வேண்டும். இ.பி. இல்லாதபோது இன்வெர்ட்டர் தன் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கிறதா என்றும் கேளுங்கள். சேர்க்காவிட்டால் பேட்டரியில் ஓடும் நேரத்தில் ஆர்.சி.சி.பி. இருந்தும் பயனில்லை.

180 வோல்ட் விஷயம்: யு.பி.எஸ். மோடில் பல மெஷின்கள் 170-க்குக் கீழே போனால் இ.பி.யை விட்டு பேட்டரிக்குத் தாவும், ஏறினால் திரும்பும். 170-ஐ ஒட்டி ஆடினால் ரிலே டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், பேட்டரியும் தினம் சாயங்காலம் கரையும். அப்ளையன்ஸ் மோடில் 90 வரை ஏற்கும், ஆனால் அந்தக் குறைந்த வோல்டேஜ் அப்படியே ஃபிரிட்ஜுக்குப் போகும். சாயங்காலம் 5-லிருந்து 10 வரை பேட்டரிக்கு முன்னுரிமை என்று நேரம் செட் செய்துகொள்வது நல்லது. ஏ.சி. ஸ்டெபிலைசர் இன்வெர்ட்டருக்குப் பின்னால் தேவையில்லையே என்று கழற்றாதீர்கள், இ.பி. இருக்கும் நேரத்தில் லோடுக்கு வருவது அதே இ.பி. வோல்டேஜ்தான்.

மோட்டார் பேனல் பெட்டியையும் திறந்து பாருங்கள். ஸ்டார்ட் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் மோட்டார் இரண்டு மூன்று நொடி உறுமிவிட்டுத்தான் கிளம்பும். இன்வெர்ட்டர் அவ்வளவு நேரம் சர்ஜ் தாங்காது. பெட்டியில் எழுதியுள்ள அதே மைக்ரோஃபாரட் அளவில் புதுசு போட்டால் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டுவதோடு முடியும். இன்ரஷ் (கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட்) காட்டும் க்ளாம்ப் மீட்டர் வைத்து அளந்துவிட்டு மெஷின் வாங்குங்கள், ஊகம் வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை

பேனல் கணக்கு விட்டுப்போனது. நாளுக்கு 8 யூனிட், இழப்பும் சேர்த்து 10. இங்கே ஆண்டுச் சராசரி கிலோவாட்டுக்கு 4 யூனிட் என்று வையுங்கள். கணக்கில் 2.5 கிலோவாட் வரும், கொஞ்சம் கூடுதலாகவே 540 வாட் பேனல் 6, மொத்தம் 3.24 கிலோவாட் போடலாம். சித்திரையில் மிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் மூடிக்கொண்டு பெய்யும் நாளில் கிலோவாட்டுக்கு 1 யூனிட்கூட வராது, அதற்காகப் பேனலை இரட்டிப்பாக்க வேண்டாம். பி.எம். சூர்யா கர் (மத்திய அரசின் வீட்டுச் சோலார் திட்டம்) மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயோடு நின்றுவிடும், பேனல் டி.சி.ஆர். (இந்தியாவிலேயே தயாரித்தது) வகையாக இருக்க வேண்டும், பேட்டரிக்கு மானியம் கிடையாது.

பின்னால் பேனல் கூட்டும்போது ஒரு எச்சரிக்கை. 540 வாட் பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (லோடு இல்லாதபோது காட்டும் வோல்டேஜ்) 49.5 என்றால் ஆறு பேனல் 297, நல்ல இடம். பத்தை ஒரே வரிசையில் போட்டால் 495. இன்வெர்ட்டர் உச்சம் 500 என்பதால் சரிதானே என்று தோன்றும். அந்த 495 என்பது 25 டிகிரியில். பேனல் குளிர்ந்தால் வோல்டேஜ் ஏறும். மார்கழி விடியலில் 20 டிகிரி என்றால் 500-ஐத் தாண்டும், உள்ளீட்டுப் பகுதி பழுதாகலாம், வாரண்டியும் போகும். ஒன்பதோடு நிறுத்துங்கள். பேனல் தெற்கு பார்த்து 10 முதல் 12 டிகிரி சாய்வு. தென்னை நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் வரிசை முழுவதையும் இழுத்துப் பிடிக்கும்.

மூணாம்சேத்தி

2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு அப்புறம் டெல்டாவுல வாரக்கணக்குல கரண்ட் இல்லாத ஊர்கள் உண்டு. அந்த மாதிரி நேரத்துல வெறும் ஆன்கிரிட் (பேட்டரி இல்லாம இ.பி.யோட மட்டும் இணைஞ்ச) பேனல் பட்டப்பகல்லயும் செத்துக் கிடக்கும். ஹைப்ரிட் ஓடும், ஆனா பேட்டரி அடியோட காலியாயிட்டா சில மெஷின் காலை வெயில் வந்தாலும் எழும்பாது. பேட்டரி இல்லாமலும் சோலார்ல ஸ்டார்ட் ஆகுமான்னு எழுத்துல கேளுங்க. சாதாரண நாள்ல 40 சதவீதம் கையிருப்பு போதும், புயல் சீசன்ல அதை 80-க்கு ஏத்தி வைங்க. பேனலைத் தாங்குற ஸ்ட்ரக்சர் ஹாட் டிப் கால்வனைஸ்டா (உருக்கின துத்தநாகத்துல முக்கினது) இருக்கணும், கால் கான்கிரீட்ல இறங்கி நிக்கணும், தளத்து மேல செங்கல் அடுக்கி நிறுத்துறது வேண்டாம்.

எர்த் குழி மூணு: இடிதாங்கிக்கு ஒண்ணு, பேனல் பக்கத்து டி.சி. கரண்ட்டுக்கு ஒண்ணு, வீட்டுப் பக்கத்து ஏ.சி. கரண்ட்டுக்கு ஒண்ணு, தனித்தனி. நம்ம களிமண் மழைக்காலத்துல அருமையா எர்த் தரும், சித்திரையில வயல் வெடிக்கிற மாதிரி குழியைச் சுத்தியும் வெடிச்சு ரெசிஸ்டன்ஸ் ஏறிடும். கோடையில வாரம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க.

ஓடம்போக்கி

5 கிலோவாட், ஒரு பேட்டரி (100 ஆம்பியர் மாடல்), 6 பேனல்னு முடிவு பண்ணிட்டேன். மாடிப்படிக்கு அடியில மாட்டலாமா? இடம் காலியா இருக்கு.

தாளடி

மாடிப்படி அடி வேண்டாம். வெள்ளம் வந்தால் தண்ணீர் முதலில் அங்கேதான் தேங்கும், காற்றோட்டமும் இருக்காது. போன வெள்ளத்தில் சுவரில் ஏறிய கறைக்கு மேலே இரண்டு அடி விட்டு மாட்டுங்கள். பேட்டரியும் அதே உயரத்தில், இரும்பு ஸ்டாண்டில். நாலு பக்கமும் ஒரு அடி இடம் விடுங்கள்.

ஃபேன் துவாரத்துக்கு வெளிப்பக்கம் மெல்லிய கம்பி வலை வையுங்கள், மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள். ராத்திரி வெதுவெதுப்புக்குப் பல்லி உள்ளே போய் போர்டில் இரண்டு புள்ளியைத் தொட்டுவிட்டால் முடிந்தது கதை. பூச்சி புகுந்து போர்டு போனால் பெரும்பாலும் வாரண்டியில் சேர்க்க மாட்டார்கள். வலை முப்பது ரூபாய்.