ஆண்களுக்கான மார்பு வீக்க அறுவை சிகிச்சை: மீன்பிடித் தடைக்காலத்துக்குள் குணமாகிவிடுமா?

மண்டபம் வடகரை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது ஆகிறது; மண்டபத்திலிருந்து விசைப்படகில் கூலிக்குச் செல்கிறேன். 13 வயதில் இரண்டு மார்புக் காம்புகளுக்கும் அடியில் நெல்லிக்காய் அளவில் ஏதோ திரண்டு வந்து வலித்தது. பருவ வயதில் வருவதுதான், தானாகக் கரைந்துவிடும் என்று அம்மா சொன்னார். வலி போய்விட்டது; வீக்கம் மட்டும் நின்றுவிட்டது. மடி வாங்கும், அதாவது வலையை இழுத்து ஏற்றும் நேரத்தில் மற்றவர்கள் வெற்றுடம்போடு நிற்க, நான் இரண்டு பனியன்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். நனைந்தால் பனியன் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், அலை தெறிக்கும் பக்கத்தில் நிற்பதைக்கூடத் தவிர்க்கிறேன். ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்க அக்னி தீர்த்தத்துக்குப் போனபோது, சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். என் கை நடுங்கியது.

இரண்டு ஆண்டுகள் உடற்பயிற்சி செய்ததில் வயிறு குறைந்தது, மார்பு குறையவில்லை. பயிற்சியாளர் கொடுத்த ஒரு பவுடரை நான்கு மாதம் சாப்பிட்டேன். அதன் பிறகு இன்னும் பெரிதானது போலத் தோன்றுகிறது. இப்போது வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அறுவை சிகிச்சை இல்லாமல் இது போகுமா? செய்துகொண்டால் எத்தனை நாளில் மறுபடி மடி வாங்கலாம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குள் குணமாகிவிடுமா?

கீழக்கரை வணிகர்:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தபோது என்னுடைய பழைய நாள்கள் நினைவுக்கு வந்தன. நானும் இதே காரணத்துக்காக 2019இல், 31 வயதில், மதுரையில் அறுவை செய்துகொண்டவன். மயக்க மருந்து கொடுத்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடித்தார்கள். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் விளிம்பில்தான் வெட்டு இருந்தது. இன்று தேடிப் பார்த்தால்தான் தழும்பு தெரியும்.

ஆனால் நான் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது. வலியே இல்லையே என்ற தைரியத்தில் பன்னிரண்டாம் நாள் கடைக்குப் போய் ஒரு அரிசி மூட்டையை இறக்கினேன். அன்றிரவே இடப்பக்கம் வீங்கி, கருநீலமாகி, இறுகிப் போனது. உள்ளே கசிந்து தேங்கிய இரத்தத்தை வெளியேற்ற மறுபடி மருத்துவமனைக்கு ஓட வேண்டியதாயிற்று. இன்றும் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடச் சற்றே குழிந்திருக்கிறது. காம்பைச் சுற்றி மரத்துப்போன உணர்வு மாறவும் எட்டு மாதம் ஆனது. இவ்வளவுக்குப் பிறகும், செய்துகொண்டதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. என் பிள்ளைகளோடு கடலில் குளிக்கிறேன். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

அறுவை அரங்கச் செவிலியர், தேவிபட்டினம்:

தம்பிக்கு வணக்கம். பல ஆண்டுகளாக அறுவை அரங்கில் பணிபுரிகிறேன். இந்த அறுவைக்கு வந்த இளைஞர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானோர் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்.

முதலில் இது கொழுப்பா, சுரப்பித் திசுவா என்பது தெரிய வேண்டும். மல்லாந்து படுத்துக்கொண்டு, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இருபுறமும் வைத்து, காம்பை நோக்கி மெல்ல நெருக்கிப் பாருங்கள். காம்புக்கு நேர் அடியில் வட்டமாக, ரப்பர் போன்ற ஒரு தட்டு விரல்களுக்கு இடையில் தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசு. இதைத்தான் மருத்துவர்கள் கைனகோமாஸ்டியா என்கிறார்கள். அப்படி எதுவும் தட்டுப்படாமல் விரல்கள் தடையின்றிச் சேர்ந்தால் அது வெறும் கொழுப்பு, உடல் எடை குறைந்தால் அதுவும் குறையக்கூடும். பருவ வயதில் வருவது பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் மறைந்துவிடும். உங்களுக்கு 11 ஆண்டுகள் கடந்துவிட்டதால், திசு நார் பாய்ந்து இறுகியிருக்கும். இந்த நிலையில் மாத்திரைக்கும் உடற்பயிற்சிக்கும் அது கரையாது. உங்கள் முயற்சியில் குறை இருந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனாலும் கத்தியை எடுப்பதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்கும் ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்கும் இடையிலான சமநிலை குலைவதுதான் அடிப்படை. கல்லீரல் நோய், சிறுநீரகச் செயலிழப்பு, தைராய்டு மிகைச் சுரப்பு, விதைப்பைக் கட்டி ஆகியவற்றாலும், ஸ்பைரோனோலாக்டோன், முடி உதிர்வுக்கு எடுக்கும் ஃபினாஸ்டிரைடு போன்ற மருந்துகளாலும் இது வரும். அந்தப் பவுடரை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. தசை வளர்க்கும் ஸ்டீராய்டு அதில் கலந்திருந்தால், உடல் அதில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். அறுவைக்குப் பிறகும் அதைத் தொடர்ந்தால் வீக்கம் திரும்பி வரும். இரத்தப் பரிசோதனையும் விதைப்பைப் பரிசோதனையும் அவசியம். ஒரு பக்கம் மட்டும் கல் போன்ற கட்டி, காம்பிலிருந்து இரத்தக் கசிவு, தோல் உள்ளிழுத்தல், அக்குளில் நெறிகட்டுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் தடைக்காலம் வரை காத்திருக்கக் கூடாது. ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் அரிதாக வருவதுண்டு.

அறுவையன்று, மயக்கம் கொடுப்பதற்கு முன்பே உங்களை நிற்க வைத்துப் பேனாவால் எல்லை வரைவார்கள். படுத்தால் மார்பின் வடிவம் மாறிவிடும் என்பதே காரணம். பிறகு உப்புக் கரைசலில் மரப்பு மருந்தும் இரத்தக் கசிவைக் குறைக்கும் அட்ரினலினும் கலந்து செலுத்தி, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சுவார்கள். சுரப்பித் திசு குழாய்க்கு எளிதில் வராது. அதைக் கருவட்டத்தின் ஓரம் வழியாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெளியே எடுத்தால் வேகவைத்த கணவாய்த் துண்டு போல வெளுப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும். அதைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். காம்புக்கு அடியில் ஒரு மெல்லிய படலத்தை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள், இல்லையென்றால் காம்பு குழிந்துபோகும். முழுவதையும் துடைத்தெடுத்துவிடுவோம் என்று விளம்பரம் செய்பவர்களை நான் நம்புவதில்லை.

இது புதிதாக வந்த அலங்காரச் சிகிச்சை என்று யாராவது சொன்னால் தயங்காதீர்கள். 7ஆம் நூற்றாண்டிலேயே ஏஜினாவைச் சேர்ந்த பவுல் என்னும் கிரேக்க மருத்துவர் இந்த அறுவையை எழுதிவைத்திருக்கிறார்.

நான்கு முதல் ஆறு வாரம் வரை இறுக்கமான அழுத்த உடுப்பு அணிய வேண்டும். கனமான வேலையைத் தவிர்க்கவும் அதே கணக்குத்தான். ஏப்ரல் இறுதிக்குள் அறுவை நடந்தால் தடை நீங்குவதற்குள் ஆறு வாரம் முடிந்துவிடும். கத்திரி வெயிலில் அந்த உடுப்புக்குள் வியர்த்துக் கொட்டும் என்பதால், மாற்றிக்கொள்ள இரண்டு வாங்கி, உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் அணியுங்கள். தையல் இடம் நன்றாக மூடும்வரை கடலில் இறங்கக் கூடாது. புகைப்பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்துங்கள். புகை காம்புக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.

தங்கச்சிமடம் மூத்தவர்:

தம்பி, மருத்துவச் செய்தி எனக்குத் தெரியாது. 30 ஆண்டுகள் படகில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்தச் செலவுக்காகப் படகு முதலாளியான சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கிவிடாதீர்கள். வாங்கினால், தடை நீங்கிய முதல் நாளே படகேறச் சொல்வார். உடம்பு ஆறவில்லை என்று உங்களால் மறுக்க முடியாது. முதலில் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் ஒட்டுறுப்பு அறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) பிரிவு இருக்கிறது, அங்கே அனுப்பச் சீட்டு எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். ஜூன் மாதம் முழுவதும் மீன் பிரிக்கும் வேலை மட்டும் பார்க்கிறேன் என்று சம்மாட்டியிடம் இப்போதே பேசி வையுங்கள்.

மண்டபம் வடகரை:

மூவருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி படுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தட்டு போலத் தட்டுப்படுகிறது, இடப்பக்கம் சற்றுப் பெரிது. பவுடரை நிறுத்திவிட்டேன். செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போகாத நாள் என்பதால் அன்று இராமநாதபுரம் போகிறேன். அம்மாவிடம் நேற்றிரவு எல்லாவற்றையும் சொன்னேன். தானும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவரிடம் என்னென்ன கொண்டு போக வேண்டும்?

அறுவை அரங்கச் செவிலியர், தேவிபட்டினம்:

இதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், பழைய பரிசோதனைச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தப் பவுடர் டப்பாவை மறக்க வேண்டாம். காலியாக இருந்தாலும் கொண்டு போங்கள்.